ஐந்துக்கு ஐந்தில் நின்ற செட்

யோகன் போய்விட்டான்.

காலையில் சிட்னி நம்பரில் இருந்து ஒரு போன். "அங்கிள், நான் யோகன்ட மகள் கதைக்கிறன்... டாட் நேற்று தவறிட்டார்."

அவளே தொடர்ந்தாள். "ஸாரி அங்கிள், டாட்ட போன்ல நீங்க 'வாஷ் அவுட்' எண்டுதான் இருக்கிறீங்க. உங்கட ரியல் நேம் என்ன?"

சொன்னேன். அவளுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. அவள் மேல் தப்பில்லை, நாங்கள் வீட்டுக்கு வந்து போகிற நண்பர்கள் இல்லை... போனில் இருந்த நண்பர்கள். ஃப்யூனரல் விவரம் மெசேஜ் பண்ணுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஏன் வாஷ் அவுட் என்று அவள் கேட்கவில்லை. யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று காலையில் இருந்தே தோன்றுகிறது. யாரும் இல்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மெல்பர்ன் பக்கம் கிளேட்டன். அவன் யாழ்ப்பாணம், நான் கோயம்புத்தூர். எங்கள் ஹாஸ்டலில் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது.

காலேஜ் டென்னிஸ் டீமில் நான்கு பேர். கடைசிக்கு முந்தைய டிவிஷன். அதற்கும் கீழே இருப்பவர்கள் மட்டையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள் என்பான் யோகன். நானும் அவனும் ஒரு டபுள்ஸ் ஜோடி.

அந்த வருஷம் எப்படியோ ஜெயித்துக்கொண்டே வந்தோம். கடைசி மேட்ச்சுக்கு முன்னால் ஐந்தாவது இடம். ஃபைனல்ஸ் முதல் நான்கு டீம்களுக்கு மட்டும்தான்.

ஜெயித்தால் நான்காவது. மழையில் ஆட்டம் நின்றால், இங்கே அதற்கு 'வாஷ் அவுட்' என்று பேர், இரண்டு டீமுக்கும் பாதிப் பாதி பாயிண்ட்... அப்படியானால் ஐந்தாவதாகவே சீசன் முடிந்துவிடும்.

கப் எல்லாம் எங்களுக்குப் பெரிதில்லை. ஃபைனல்ஸ் என்றால் இன்னும் இரண்டொரு சனிக்கிழமை கிடைக்கும், அதுதான் பெரிது.

வெள்ளி சாயங்காலமே ஹாஸ்டல் காலியாகிவிடும், மற்ற எல்லோருக்கும் போக வீடு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கோர்ட்டில் மட்டும்தான் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கடைசி மேட்ச் இருந்த சனிக்கிழமை விடிந்ததில் இருந்து மழை. கையில் ஹாஸ்டல் மாப்போடு வந்து யோகன் கதவைத் தட்டினான்.

"மச்சான், எழும்பு. உன்ர துவாயையும் எடு. கோர்ட்டைத் துடைப்பம்."

"மழை பெய்யுதேடா."

"ஓம். உது பத்து நிமிசத்தில விட்டிடும்."

பத்து நிமிஷத்தில் விடுவது எங்கள் ஊர் மழை. மெல்பர்ன் மழை வேறு ஜாதி, பிசுபிசுவென்று நாள் முழுக்க உயிரை வாங்கும். இரண்டு பேருக்கும் அது தெரிந்தே இருந்தது...

வெள்ளை சட்டை, வெள்ளை கால்சட்டையோடு கோர்ட் ஓரத் தகர ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் விட்டால் ஓடிப்போய் துடைப்போம், டவலைப் பிழிவோம். மறுபடி தூறும். மறுபடி துடைப்போம்.

மூன்று மணிக்கு மேல் வெயிலே வந்துவிட்டது. கோர்ட் காய்ந்தது. நெட்டை இழுத்துக் கட்டினோம்.

ஒருத்தரும் வரவில்லை. எதிர் டீமும் இல்லை, எங்கள் டீமும் இல்லை.

"பிந்தி வருவினம்" என்றான்.

மேட்ச் ரத்து என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமைதான் கேப்டன் கீத் சொல்லித் தெரிந்தது. மழை நாளில் ரேடியோ கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது இங்கே பழக்கம். எங்களிடம் ரேடியோ கிடையாது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அது அப்போது வலித்தது. இப்போதும்தான்.

ஆனால் அன்றைக்கு, அவ்வளவு துடைத்துவிட்டு சும்மா திரும்ப மனசு வரவில்லை. நாங்கள் இரண்டு பேருமே எதிரெதிராக ஆடினோம். ஐந்துக்கு ஐந்தில் மழை மறுபடி கொட்டியது. அடுத்த சர்வ் யாருடையது என்று ஷெட்டுக்குள் பெரிய சண்டை. அவன் தன்னுடையது என்றான், நான் விடவில்லை.

கிளம்பும்போது கேட்டான். "அடுத்த சனி என்ன செய்யப் போறாய்?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியேல்ல. இஞ்சயே வா."

அந்தக் குளிர்காலம் முழுக்க போனோம். சர்வ் சண்டை தீராததால் அந்த செட்டை மட்டும் தொடவே இல்லை... ஒவ்வொரு தடவையும் புது செட்தான்.

அப்புறம் அவன் வேலை கிடைத்து சிட்னி போய்விட்டான். ஆனால் சனிக்கிழமை எங்கேயாவது மழை பெய்தால் போன் வரும்.

"மச்சான், வாஷ் அவுட்டோ?"

"ஆமாடா."

"அப்ப துவாயை எடு."

உடனே அந்த சர்வ் சண்டை ஆரம்பிக்கும். என் மனைவி இருந்தவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பாள்.

அவள் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தான். "இஞ்ச சரியான மழை மச்சான்" என்பான். பின்னால் பேரப்பிள்ளைகள் தோட்டத்தில் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்கும். மழையில் எப்படி விளையாடுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

போன சனிக்கிழமையும் வந்தது. குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது. "அந்த சர்வ் என்ரதான், ஒத்துக்கொள்" என்றான். "முடியாது போடா" என்றேன்.

இன்றைக்கும் சனிக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே கிளேட்டனில் நல்ல வெயில்...

யோகா, இங்கே சரியான மழைடா.

சர்வ் உன்னுடையதுதான்.