இடுப்பு மூட்டை மாற்ற வந்தவள்

ஜொகூர் பாருவில் எனக்கு முட்டி மாற்று அறுவை நடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் குளுவாங்கிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்தாறு, உயரமோ பத்து வயதுப் பிள்ளையின் உயரம். பிறவியிலேயே வந்த அபூர்வமான எலும்புக் கோளாறு அவளது இடுப்பு மூட்டைத் தேய்த்துவிட்டிருந்தது. யாராவது "பாப்பா" என்று கூப்பிட்டால் உடனே கார் லைசென்ஸை எடுத்து நீட்டுவாள். தாதி, சாப்பாடு கொண்டுவந்தவர், என்னைப் பார்க்க வந்த சம்பந்தி, யாரும் தப்பவில்லை.

அவளுடைய அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் வந்தார். "இந்த மூட்டும் ஒருநாள் தேஞ்சிடும்மா, மறுபடி மாத்த வேண்டியிருக்கும்" என்று அவளிடம் சொன்னார். என்னிடம், "உங்களுக்கு இது ஆயுசுக்கும் போதும்" என்றார்.

அவர் போனபின் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அலமாக், ஏன் ஆன்ட்டி மூஞ்ச தொங்கப் போட்டுட்டீங்க? உங்க முட்டி உங்கள விட ரொம்ப நாள் இருக்கும். நான் என் இடுப்ப விட ரொம்ப நாள் இருப்பேன். இதுல யாரு வின் லா?"

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், வியர்க்க வியர்க்க, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல்வரை நடந்துவிட்டாள். டாக்டர் வந்துபோன அன்று அவள் தேற்றியது என்னையா, தன்னையா என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.