தொண்டையில் குடியிருந்த முள்

சாளை மீன் குழம்பில் குடம்புளி கொதிக்கும் மணம் எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. காரணத்தைச் சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இந்த வயதில் இனி யாரிடம் எதை மறைப்பது! எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு சாளை முள் என் தொண்டையில் சிக்கி, அங்கேயே இருந்து அழுகி, என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருப்பதாக நான் மனப்பூர்வமாக நம்பினேன். படிப்பில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று வேறு எனக்குப் பெயர்.

கேரளத்தின் தெற்குக் கோடியில், பொழியூரில் எங்கள் வீடு. அப்பா ஓணம் கழிந்ததும் கொல்லத்துக்குப் 'போட்டு'க்கு, அதாவது விசைப்படகில் மீன்பிடிக்கப் போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புவார். வீட்டில் அம்மாவும் செலின் அக்காவும் நானும். அப்படி அப்பா போயிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், சாளையும் மரச்சீனிக் கிழங்கும் வயிறு முட்டத் தின்றுவிட்டுச் செபமாலைக்கு முழங்காலிட்டோம். என் முறை வந்தது. "அருள் நிறைந்த" என்பது வரைக்கும் என் குரலாக இருந்தது. "மரியே" என்றபோது வந்தது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை. காகம் பாதி, தகரக் கதவு பாதி. செலின் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "செபத்துல வெளயாடாதலே," என்று அம்மா தொடையில் ஒன்று வைத்தாள்.

அன்றைக்குத் தின்ற சாளைதான் காரணம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முள்ளுக்கு மருந்து சோற்றுருண்டை. மெல்லாமல் விழுங்க வேண்டும். விழுங்கினேன். குரல் மறுநாள் இன்னும் மோசமானது. அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடற்கரைப் பிள்ளை பல் முளைக்கும் முன்பே முள் பிரிக்கப் படித்துவிடும் என்று பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது. கடலில் சாகலாம், அது மரியாதை. கடல்காரன் மகன் சாளை முள் சிக்கிச் செத்தான் என்றால் அப்பா கொல்லத்திலிருந்து எந்த முகத்தோடு வந்து இறங்குவார்? அதனால் யாருக்கும் தெரியாமல் சாவது என்று முடிவு செய்தேன்.

பேசினால்தானே தெரியும்? வாயை மூடிக்கொண்டேன், தமிழிலும் மலையாளத்திலும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினேன். பஸ்ஸில் "எஸ்டி" என்று சொல்லி மாணவர் டிக்கெட் வாங்குகிறவன் சில்லறையை மட்டும் நீட்டினேன். "எந்தாடா, நாக்கு வீட்டில் மறந்து வச்சோ?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. கடற்கரை மணலில் பந்து விளையாடக் கால் மட்டும் போதாது, தொண்டையும் வேண்டும். "எலே, இங்க தாலே!" என்று கத்தாதவனுக்கு யார் பந்து தருவார்கள்? கொஞ்ச நாள் ஓரத்தில் நின்று பார்த்தேன். பிறகு கூட்டாளிகள் என்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள் என்பதை நான் கவனித்தேன் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆறு கடலில் சேரும் 'பொழி'முகத்துக்குப் போய்த் தனியாக உட்காருவேன். அலைச் சத்தத்தில் என் சத்தம் யாருக்கும் கேட்காது. அங்கேதான் வாய் திறந்து பேசிப் பார்ப்பேன்: என் பெயரைச் சொல்வேன், அப்பா பெயரைச் சொல்வேன். சொன்னவன் யாரோ ஒரு அந்நியன். உடம்பிலும் அந்நியன் குடியேறிக்கொண்டிருந்தான். மேலுதட்டில் அழுக்குப் போல ஒரு நிழல், நெற்றியில் பருக்கள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வியர்வை வாடை. முள்ளின் விஷம் மேலெல்லாம் பரவிவிட்டது என்று கணக்குப் போட்டேன்.

செலின் அக்கா பெரியவளானபோது மாமிமார் எல்லாரும் நல்லெண்ணெயும் முட்டையுமாக வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் என்னென்னவோ சொன்னார்கள். என்னை மட்டும் "போய்க் கடப்புறத்துல வெளயாடு" என்று துரத்தினார்கள். ஆண்பிள்ளைக்காக யாரும் கதவைச் சாத்துவதில்லை. தொண்டைக்குள் குரல்பெட்டி வளருகிறது, அதற்குள் இருக்கும் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பழகும்வரை சத்தம் மேலும் கீழும் வழுக்கும், சில மாதங்களில் தானே சரியாகும், மீசையும் பருவும் வியர்வையும்கூட இதோடு சேர்ந்து வருகிற கூட்டம்தான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். அந்த ஒரு மூச்சு எங்கள் ஊரில் யாருக்கும் மிச்சமில்லை.

இதற்கிடையில் அம்மா என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயாடி மகன் வாய் திறந்து மிண்டுவதில்லை. உயிருக்கு உயிரான மீனைத் தொடுவதில்லை, வெறும் சோற்றை உருட்டி விழுங்குகிறான். சாயங்காலமானால் தனியாகப் போய்க் கடலைப் பார்த்து உதடசைக்கிறான். மௌனம், நோன்பு, தியானம்! அடுத்த வீட்டு லூர்து மாமி தீர்ப்பே எழுதிவிட்டாள்: "எக்கா, இது தேவ அழைத்தலாக்கும். புள்ள சாமியாராவப் போறான்."

அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவளுடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவர். "எந்தம்பிய கடலு எடுத்துது. எம்மவன ஆண்டவரு எடுக்கட்டு," என்று மாமியிடம் சொல்வதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன். எடுக்கட்டும் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஆக, அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவளும் என் சாவுக்குத் தயாராகிவிட்டாள் என்று நினைத்து, பாயைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பூஜை விடுமுறையில் நெய்யாற்றின்கரையில் ஒரு மடத்தில், சாமியாராக, அதாவது பாதிரியாராக விருப்பமுள்ள பையன்களுக்கு முகாம். அம்மா நேர்ச்சைக் கடனைத் தீர்ப்பவள் போல அவசரமாக என்னைக் கொண்டுபோய் விட்டாள். மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் என் வயதுப் பையன்கள் வந்திருந்தார்கள். காலையில் ஒரு பிரதர் வந்து, எல்லாரும் எழுந்து நின்று பாடச் சொன்னார். நான் வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்தேன்.

பாட்டு தொடங்கியது. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எனக்கு இடப்பக்கம் ஒருவன் வாத்து, வலப்பக்கம் ஒருவன் அறுப்புவாள், பின்னாலிருந்து ஒரு தவளை. இத்தனை பேருமா சாளை தின்றார்கள் என்று திகைத்துப் போனேன். பக்கத்தில் நின்றவன் பனச்சமூட்டுப் பிஜு. மலைநாட்டுக்காரன், மீனை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிசயம். "உனக்கும் முள்ளு சிக்கிச்சாலே?" என்று கேட்டேன்.

"என்ன முள்ளு? சவுண்டு மாறுதுலே. எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் கெடந்துது, பொறவு செரியாச்சு," என்றவன், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "உனக்குத்தான் இருக்கதுலயே கேடு. கழுத கனைக்க மாதிரி உண்டு."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அத்தனை நல்ல வார்த்தை சொன்னதில்லை. சாகப்போவதில்லை என்றானதும், அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. செப நேரத்தில் பேசினேன், சாப்பாட்டில் பேசினேன், தூக்கத்திலும் பேசியதாகப் பிஜு சத்தியம் செய்தான். முகாம் முடியும் நாளில் வந்த அம்மாவிடம் மடத்துச் சாமியார் சிரித்துக்கொண்டே, "அம்மா, பையன் நல்லவன். வீட்டில வச்சுப் படிக்க வையுங்க," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா பாறசாலை தாண்டியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து மீன் பொரித்துத் தட்டில் வைத்தவள், "தின்னு," என்றாள். அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தார். வெளியே நின்று அவர் கூப்பிட, உள்ளிருந்து நான் "வாறேன்" என்றேன். "வீட்டுக்குள்ள ஆருடி அது?" என்று அம்மாவைக் கேட்டார். நான் வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து எனக்காக வாங்கிய சட்டையை எடுத்து, என் தோளையும் அதையும் பார்த்துவிட்டு, மடித்து உள்ளேயே வைத்துவிட்டார்.

இப்போது அந்தப் பொழிமுகத்தில் நான் உட்கார்ந்த மணல் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. எங்கள் பழைய வீட்டு முற்றமும் பாதி போயிற்று. பள்ளிக்கூடங்களில் இப்போது பையன்களை உட்காரவைத்து, படம் போட்டு எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். நல்லது. நான் இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் காகமாகவும் கழுதையாகவும் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பது வழக்கம். போன கிறிஸ்துமஸுக்கு, அம்மா இருக்கும்போதே சொன்னேன். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் அடங்கும்வரை இருந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இதுல சிரிக்கதுக்கு என்னலே உண்டு? புள்ள பயந்து கெடந்திருக்கான். நான் அத பக்தின்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்திருக்கேன்."