செல்வி எழுதிய இகரம்

மனைவி மகளின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுத வைக்கிறாள். தகரத்தில் அரிசி உரசும் அந்தச் சத்தம். இருக்க முடியாமல் எழுந்து வாசலுக்கு வருகிறேன்.

சிலேட்டு வாங்க வழியில்லாத அப்பா, என் தங்கை செல்விக்கு அப்படித்தான் எழுத்துப் பழக்கினார்.

“மக்கா, நத்தை மாதிரி சுழிச்சு இழு.”

“நத்தைக்குக் கொம்பு எங்கப்பா?”

உடம்பு கொதிக்கும் காய்ச்சலிலும் அடம்பிடித்து ஒரு ‘இ’ எழுதிவிட்டுப் படுத்தாள். விடியும்போது அவள் இல்லை.

அடக்கம் முடிந்தது. கோணலாய் அந்த ‘இ’ நிற்கும் தட்டை அப்பா யாரையும் தொடவிடவில்லை. வயல் வேலையை மழை நிறுத்தியிருந்தது. சொந்தக்காரர்கள் கஞ்சி கொண்டுவருவதும் நின்றது. வீட்டில் வேறு அரிசி கிடையாது.

அம்மா தட்டை எடுத்தாள்.

“ஏட்டி, தொடாத! பிள்ள எழுதினதாக்கும்.”

“இருக்கிய பிள்ளைக்கு வயிறு இல்லியா?” என்று என்னைக் காட்டினாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

அப்பா சாப்பிட வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தன் சோற்றைத் தின்று முடித்தார். பிறகு என் தட்டையும் வாங்கி, ஒட்டியிருந்த பருக்கைகளை ஒன்று விடாமல் வழித்துத் தின்றார்.