சொந்தச் சுவரில் ஓர் ஆணி

மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதில் நாங்கள் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. வீட்டுக்கடன் தவணைக்கு இரண்டு பேர் சம்பளமும் போதாமல், அதை வாடகைக்கு விட்டுவிட்டு, வேளச்சேரியில் சின்னதாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம்.

போன நவராத்திரிக்கு, அங்கே குடியிருக்கும் பெண் என்னைக் கொலுவுக்கு அழைத்தாள். நானே ஆசையாகத் தேர்ந்தெடுத்த காலிங் பெல்லை அழுத்திவிட்டு, கதவு திறக்கக் காத்து நின்றேன்.

"வாங்கக்கா, உங்க வீடு மாதிரி நெனச்சு உக்காருங்க" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

சுண்டலை வாங்கும்போதுதான் கவனித்தேன். அவர்களுடைய கல்யாணப் போட்டோவைத் தரையில், சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள்.

"ஏன், மாட்டலையா?"

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

வாங்கிய சுண்டலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் வாடகை வீட்டிலும் அதே கண்டிஷன்தான். எங்கள் கல்யாணப் போட்டோ பழைய புடவையில் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

"அடிச்சுக்கோம்மா" என்றேன்.

"நெஜமாவாக்கா? எந்த இடத்துலன்னு நீங்களே காட்டுங்க."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் விரலை வைத்தேன். வீட்டைப் பார்க்க வந்த முதல் நாளே எங்கள் படத்துக்கென்று நான் மனதில் குறித்து வைத்த இடம் அது.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என்றைக்காவது கடன் அடையும். நாங்களும் அங்கே குடிபோவோம். காலி செய்யும்போது அந்த ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.