எட்டு ரூபாயில் பதம் பார்த்தவன்

மறையூரில் எங்கள் வீடு கரும்புத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பார்சல் வந்தால் பாதி நேரம் விலாசம் தெரியாமல் மூணாறிலேயே நின்றுவிடும். அதனால், ‘உங்கள் விலாசம் முழுமையாக இல்லை, மறுபடி அனுப்ப ஐந்து ரூபாய் கட்டவும்’ என்று கூரியர் பெயரில் மின்னஞ்சல் வந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதிலிருந்த இணைப்பைத் தொட்டு கிரெடிட் கார்டு விவரங்களைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள், கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கடையில் நான் எட்டு ரூபாய்க்கு ஏதோ வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தது. எட்டு ரூபாய்க்கு அங்கே என்னதான் கிடைக்கும்? ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த கணவரிடம் காட்டினேன்.

“ஒரு டீக்குக் காணாது, விட்டுத் தள்ளு” என்றவர், கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். தினமும் பார்ப்பதுதான். பதம் சரியாக இருந்தால் அடுத்து மொத்தப் பாகையும் தொட்டியில் கவிழ்ப்பார். எனக்குச் சுரீரென்றது.

“என்னங்க, அந்த எட்டு ரூபாயை எடுத்தவனும் இதைத்தான் செய்றானோ?”

உடனே கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். வங்கிப் பெண் மலையாளத்தில் விசாரித்துக் கார்டை முடக்கினார். கொஞ்ச நேரத்தில், அதே கடையில் முப்பதாயிரத்துக்கு நடந்த முயற்சி மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

இப்போதெல்லாம் பார்சல் என்று எது வந்தாலும் கூரியர் ஆபீசுக்கே போன் செய்து கேட்கிறேன். புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். என் போனில் செய்தி வரும் சத்தம் கேட்டால் போதும், கொப்பரைப் பக்கத்திலிருந்து கணவர் குரல் கொடுக்கிறார்: “எவனாச்சும் பதம் பாக்குறானான்னு பாரு!”

– செல்வராணி, மறையூர்