மல்லாக்கப் போட்ட கோழி

எழுபதுகளின் கடைசியில் திருப்பதியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கோழிகளை மல்லாக்கப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். பரம்பரையாகவே தசை நலிந்துபோகும் ஒரு வகைக் கோழி அது. நல்ல கோழியை மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழுந்துவிடும். இது சிறகை அடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மருந்து கொடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம். "பெரிய படிப்பு படிக்கிறாளாம், கோழி புரட்டிக்கினு கீறா" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும், அவர்களுக்கென்ன!

சித்தூரில் என் அக்கா மகனுக்கும் அதே மாதிரி ஒரு வியாதி. எட்டு வயசுப் பிள்ளை, ஓடினால் விழுவான், படி ஏற முடியாது. மருந்து இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு கோழியைப் புரட்டும்போதும் எனக்கு அவன் ஞாபகம்தான்.

ஒரு நாள் மருந்து தின்ற சேவல் ஒன்று புரண்டு எழுந்து நின்றது. "லேச்சிந்தி, எழுந்திருச்சி!" என்று நான் தெலுங்கும் தமிழுமாகப் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அந்த வாரமே ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இவனுக்கு எப்பம்மா குடுப்பாங்க?"

"இரு அக்கா, இன்னும் பார்க்கணும்" என்றேன். அது அவள் காதில் ஏறவே இல்லை.

பார்க்கணும் என்றால் அறுத்துப் பார்க்கணும். எழுந்த கோழியைத்தான் முதலில் அறுப்போம். ஏன் எழுந்தது என்று தெரிய வேண்டாமா? அறுத்தோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நெஞ்சுத் தசை முழுக்கச் சிதைவும் கொழுப்பும். மருந்தே தின்னாத கோழிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுந்ததென்னவோ நிஜம். வியாதி மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பாழாய்ப்போன மருந்து!

அக்காவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் சர்ச்சில் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தபோது சாட்சி சொல்லும் நேரம். கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வது எங்கள் வழக்கம். இனி நடக்கப்போகும் நன்மைக்குக்கூட விசுவாசத்தோடு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவார்கள். எங்கள் அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என் தங்கச்சி திருப்பதில மருந்து கண்டுபிடிச்சிக்கினு கீறா. எழுந்திருக்காத கோழி எழுந்துக்கிச்சி. என் புள்ளையும் எழுந்துப்பான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

சபையே திருப்பிச் சொன்னது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடிப்பாவி, யாரைக் கேட்டு எழுந்தாய்? அவளைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் பாதிரியார், பாவம் நல்ல மனுஷர், பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, "எழுந்து வாப்பா, உனக்காக ஜெபம் பண்ணலாம்" என்றார்.

அவன் குப்புறப் புரண்டான். கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கினான். ஒரு கையை முழங்காலில் வைத்தான், மறு கையைத் தொடையில் வைத்தான், தன் மேலேயே தான் ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்றான். அப்படி எழுந்திருப்பதுதான் அந்த வியாதிக்கே அடையாளம். டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். சனங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கண்ணில் தண்ணீர் வழிய "அல்லேலூயா!" என்றார்கள்.

அக்காவுக்குத் தெரியும். தினம் காலையில் பார்க்கிறவள் அவள்தானே. திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. அப்புறம் எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஜெபம் முடிந்ததும் பிள்ளை மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தி, உன் கோழி இப்பிடித்தான் எழுந்துச்சா?"

"ஆமாண்டா கண்ணு" என்றேன். "இப்பிடியேதான்."