லோதாரின் தொட்டியில் குடியேறிய குரூஸே

கெல்சன்கிர்ஷனிலிருந்து போஹும் நகருக்கு இருபத்தாறு வருஷமாக டிராம் ஓட்டியவர் லோதார் சோபொட்டா. வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை ஒழுங்காக ஓட்டியதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. தாமதமான நாளில் மட்டும் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்கும். அதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. தன்னுடைய பவளத் தொட்டியை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் கடைசிவரை பழகவில்லை.

வரவேற்பறையில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற கடல்நீர்த் தொட்டி அது. பதினோரு வருஷ உழைப்பு. கட்டைவிரல் அளவுத் துணுக்காக வாங்கி வந்த நீலக் கிளைப்பவளம் இப்போது முட்டைக்கோசு அளவுக்கு விரிந்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. ஊரில் கடல்மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் எடுத்த படங்களை வைத்து அவர்கள் வருஷாவருஷம் ஒரு காலண்டர் போடுவார்கள். ஒன்பது வருஷமாக லோதார் நீலப் பவளத்தின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் எக்கார்ட் ஒன்பது வருஷமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"பவளம் அசையாதுப்பா. ஒரு மாசம் பூரா ஜனங்க அதையே பாத்துட்டு உக்காந்திருக்கணும், யோசிச்சுப் பாரு."

"மத்த படமெல்லாம் மட்டும் காலண்டர்ல அசையுதா?" என்று லோதார் கேட்டார். ஒன்பதாவது வருஷம் எக்கார்ட் மனம் இரங்கிப் பின்னட்டையில், மீன் தீவனக் கடை விளம்பரத்துக்குக் கீழே, தபால்தலை அளவில் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தார்.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லோதாரும் மனைவி மார்லீஸும் காபியும் பிளம் கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கீழ் வீட்டு குரூஸே. வழக்கம்போல துடைப்பக் கட்டையால கூரையை இடிக்கிறான்" என்றாள் மார்லீஸ்.

"நாம சத்தமே போடலையே."

"நீ கேக் மெல்லுறது கேட்டிருக்கும்."

ஆனால் குரூஸே ஊரில் இல்லாத வாரத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் இறால்கள் இரண்டும் மறைந்தன. ஜன்னல் துடைக்கும் மருந்து தண்ணீரில் பட்டுவிட்டது என்று லோதார் மனைவியின் மேல் பாய்ந்தார். மார்லீஸ் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு நத்தை ஓட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மருந்து பட்டா நத்தை சாகும், சரி. ஓடு இப்படி உடையுமா? யாரோ சுத்தியலால அடிச்ச மாதிரி இருக்கு."

சுத்தியலுக்குச் சொந்தக்காரனை மறுவாரமே லோதார் பார்த்துவிட்டார். நீலப் பவளத்தின் அடியில் ஒரு பொந்து. அதிலிருந்து காம்பு வைத்த கண்கள் இரண்டு எட்டிப் பார்த்து, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகத் திரும்பின. கும்பிடுபூச்சிக்கும் இறாலுக்கும் பிறந்ததுபோல விரல் நீளத்தில் இலைப்பச்சை நிறத்தில் ஒரு பிராணி. ஒரு சின்ன நண்டு வழிதவறி அந்தப் பக்கம் போனது. 'டக்.' நண்டின் ஓடு பிளந்தது. கை ஓங்கியதையோ இறங்கியதையோ அவர் பார்க்கவே இல்லை.

மாண்டிஸ் இறால். அவரே காசு கொடுத்து வாங்கி வந்த பாறைத் துண்டுக்குள் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறது.

"பாறையை வெளிய எடு, பொந்துல சோடாத் தண்ணி ஊத்து, தானா குதிச்சு வந்துரும்" என்றார் எக்கார்ட். பாறையை எடுத்தால் அதன்மேல் வேரோடி நிற்கும் நீலப் பவளம் உடையும். தொட்டியில் நூறு பொந்து இருக்க, போக்கிரி பார்த்துப் பார்த்து அங்கேதான் குடியேறியிருந்தது. பொறி வைத்தார். இரையைத் தின்றுவிட்டுப் பொறியின் கதவையும் உடைத்து வைத்தது.

"எந்த வகைன்னு தெரிஞ்சாத்தானே ஒரு வழி சொல்ல முடியும்? படம் எடுத்து அனுப்பு" என்றார் எக்கார்ட்.

குற்றவாளியைப் போலீஸ் படம் பிடிக்கும் மனநிலையில்தான் லோதார் கேமராவை எடுத்தார். முதல் நாள் கிடைத்தவை பொந்தின் படங்கள் நாற்பது. இரண்டாம் நாள் பொந்தும் மங்கலாக ஒரு கண்ணும். கேமரா உயர்ந்தால் அது உள்ளே போகும். இறங்கினால் வெளியே வரும். பக்கத்தில் மார்லீஸ் பின்னல் வேலையோடு உட்கார்ந்தால் மட்டும் அரை உடம்பை வெளியே நீட்டி அவளை மேலும் கீழும் ஆராயும்.

"நீ அதைப் படம் எடுக்கல லோதார். அதுதான் உன்னை எடுத்துட்டிருக்கு."

அதற்குக் குரூஸே என்று பெயர் வைத்ததும் மார்லீஸ்தான். லோதார் கண்டித்தார். பத்து நாளில் அவரும் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். மிஞ்சியிருந்த மீன்களைப் படுக்கையறையில் ஒரு சின்னத் தொட்டி வைத்து அதற்கு மாற்றினார். சனிக்கிழமைதோறும் கடைக்குப் போய் உயிர் நண்டு வாங்கி வந்தார். படத்துக்காகத்தான் என்றார்.

"கொலைகாரனுக்கு நண்டு வாங்கிக் கொடுக்கிற போலீஸை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் மார்லீஸ்.

ஆறாவது வாரம் அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தார். குரூஸே பொந்திலிருந்து பாய்ந்து வந்தது. எதிரே இன்னொரு குரூஸே! இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. கையின் உட்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, மை சிந்தியதுபோல அடர்ந்த ஊதாப் புள்ளிகள். சாதாரண நாளில் அவை மடிந்து கிடக்கும். கோபம் வந்தால்தான் அதற்கு அழகு வரும் போலிருந்தது. லோதார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

படம் போன அரை மணி நேரத்தில் எக்கார்ட் தொலைபேசியில் கத்தினார்: "இதுதான் அட்டைப் படம்!"

"எதுக்கு?"

"காலண்டருக்குய்யா!"

"வகை என்னன்னு கேட்டுத்தானே அனுப்பினேன்? அது என் தொட்டியையே காலி பண்ணின பய. பின்னாடி நீலப் பவளம் தெரியுது பாரு, அதைப் பெருசாக்கிப் போடு."

"அது மங்கலா இருக்குப்பா. வெட்டிட்டேன்."

அட்டையில் குரூஸே கைகளை விரித்து நின்றது. கீழே 'உறுப்பினர் லோதார் சோபொட்டாவின் செல்லப்பிராணி குரூஸே' என்று அச்சிட்டிருந்தார்கள். பெயர் கேட்டபோது மார்லீஸ் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவள் வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் அந்தக் காலண்டர் தொங்கியது. கீழ் வீட்டுக் குரூஸே தினமும் ரொட்டி வாங்கும் கடை அதுதான்.

ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. கையில் காலண்டரோடு குரூஸே நின்றார்.

"இது நானா?"

"சும்மா ஒரு விளையாட்டுக்கு..." என்று மார்லீஸ் ஆரம்பித்தாள்.

"கையை ஓங்கிட்டு நிக்கிறதைப் பாருங்க" என்றார் குரூஸே. அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "அப்படியே எங்க அப்பாதான். இன்னும் பத்து காலண்டர் கிடைக்குமா? தங்கச்சி வீட்டுக்கு அனுப்பணும்."

அன்றோடு துடைப்பக் கட்டைச் சத்தம் நின்றது. அதற்குப் பதில் ஞாயிறுதோறும் குரூஸே சொல்லாமல் கொள்ளாமல் காபிக்கு வந்து உட்கார்ந்தார். துடைப்பமே தேவலை என்று லோதார் நினைத்தார்.

பிப்ரவரியில் சங்கத்தார் பதினேழு பேர் தொட்டிக் குரூஸேயைப் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால் குரூஸே கூழாங்கற்களை உருட்டி வந்து பொந்தின் வாயை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டது. ஓடு கழற்றும் காலம்; புது ஓடு இறுகும்வரை வெளியே வராது. லோதார் எக்கார்டுக்குத் தொலைபேசி போட்டார்.

"வேன் பேசியாச்சு" என்றார் எக்கார்ட்.

வந்தார்கள். வாசலில் பதினேழு ஜோடிச் செருப்பு. மார்லீஸின் உருளைக்கிழங்கு சாலடைத் தட்டில் வைத்துக்கொண்டு பதினேழு பேரும் அடைத்த பொந்தைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் கண்கள் மெல்ல மேலே ஏறின.

"இந்த நீலம் என்னது?" என்று கேட்டார் மெக்டில்ட். போஹுமிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை.

பதினோரு வருஷமாக லோதார் காத்திருந்த கேள்வி. கட்டைவிரல் அளவிலிருந்து தொடங்கினார். மின்சாரம் போன ஒரு நாள் ஒன்பது மணி நேரம் கையால் காற்றடித்துக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். மெக்டில்டுக்காக ஒரு கிளை நுனியை வெட்டித் தண்ணீர்ப் பையில் போட்டு நீட்டினார். எக்கார்டே வாயைத் திறந்துவிட்டார்.

"இத்தனை நாளா இது எங்கப்பா இருந்துது?"

"இங்கேயேதான்" என்றார் லோதார். "இந்த நிறம் எப்படி வந்துச்சு தெரியுமா? மூணாவது வருஷம்..."

'டக்.'

ஒரு கூழாங்கல் உருண்டது. புதுச் சட்டை போட்டதுபோலப் பளபளக்கும் பச்சையில் குரூஸே தலையை நீட்டியது. பதினேழு தலைகளும் திரும்பின. ஆனால் எல்லோருக்கும் முன்னால் தொட்டியருகே மண்டியிட்டிருந்தவர் லோதார்தான். "எக்கார்ட், தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதே!" என்று அவர் கத்தியதை மார்லீஸ் சமையலறையிலிருந்து கேட்டாள்.

மூணாவது வருஷம் என்ன நடந்தது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அவருக்கும் நினைவில்லை. வேன் புறப்படும்போது மெக்டில்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

எல்லோரும் போனபின் செருப்பு அலமாரியின் மேல் மெக்டில்டுக்குக் கொடுத்த தண்ணீர்ப் பை மட்டும் கிடந்தது. லோதார் அதை எடுத்து, துணுக்கைத் தொட்டியில் ஒரு மூலையில் ஊன்றினார். வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் கேமராவை எடுத்துக்கொண்டு சோபாவில் மார்லீஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இதைப் பாரேன். ரெண்டு கண்ணும் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு."